போத்தல் காசும் எண்ணெய்க் காசும்: நோர்வேக்காரர் உண்மையாகவே இயற்கை விரும்பிகளா?

மட்டுநகரான் கேட்டது, 13 ஜனவரி 2024

வணக்கம். நோர்வேயில் இருக்கிற அண்ணாமார், அக்காமாரிடம் ஒரு கேள்வி. கம்பஸில் சுற்றாடல் பாடத்துக்கு நோர்வே பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வாசிக்கிற இடமெல்லாம் அங்கே சனம் இயற்கையோடு ஒன்றி வாழுது, எல்லாரிடமும் கரண்ட் கார், தெருவில் குப்பையே இல்லை என்று இருக்கு. அதே நாடுதான் எண்ணெயும் எரிவாயுவும் விற்றுச் சீவிக்குது. இதில் எது உண்மை, எது வேஷம்? அங்கே இருக்கிற ஆக்கள் கண்ணால் கண்டதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

குளிர்காய்பவன், 14 ஜனவரி 2024

தம்பி, நான் 1988இல் இந்த நாட்டுக்கு வந்தவன். பெரிய கதையெல்லாம் புத்தகத்தில் இருக்கும், நான் போத்தலில் தொடங்குகிறேன். நேற்றுத்தான் அதில் ஒரு அடி வாங்கினேன்.

இங்கே சோடாப் போத்தலோ பியர் ரின்னோ வாங்கினால் விலையோடு ஒரு குறோனர், பெரிய போத்தலுக்கு இரண்டரைக் குறோனர் சேர்த்துப் பிடிப்பார்கள். வெறும் போத்தலைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய், சுவரில் இருக்கிற மெசினின் வட்ட ஓட்டைக்குள் ஒவ்வொன்றாக விட வேண்டும். அது உள்ளே உருட்டிப் பார்த்து, கோட்டுக் குறியை வாசித்து, விழுங்கிவிட்டுக் கணக்கைக் கூட்டும். இதற்குப் பன்ட் என்று பெயர். கிறிஸ்மஸ், புதுவருஷம் எல்லாம் சேர்ந்து எங்கள் வீட்டில் மூன்று பை. பழைய பியர் மணம் மூக்கைப் பிடுங்க, நிலத்தில் சப்பாத்து ஒட்ட ஒட்ட நின்று போட்டு முடித்தேன். 164 குறோனர். கடைசியில் இரண்டு பொத்தான் இருக்கும், ஒன்று சிட்டைக்கு, மற்றது லொத்தருக்கு. ஆறு வயதுப் பேரன் எட்டி அமத்தினது லொத்தரை. பரிசு ஒன்றும் இல்லை. காசு செஞ்சிலுவைச் சங்கத்தின் பக்கம் போய்விட்டது. புண்ணியம் பேரனுக்கு, நாரி நோ எனக்கு.

பத்துப் போத்தலில் ஒன்பது திரும்பி வருகிற நாடு இது. அதைக் கட்டுரையில் போடு. ஆனால் "இயற்கை மேல் உள்ள பாசம்" என்று எழுதிவிடாதே. மூன்று பையையும் நான் சுமந்தது 164 குறோனருக்கு.

15 ஜனவரி 2024

திருத்தம். பேர்கனில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: ஒன்றும் இரண்டரையும் 2018க்கு முந்தின கணக்காம். இப்போது சின்னதுக்கு 2, அரை லீற்றருக்கு மேலே 3. சரிதான். காசு வருகிறபோது மெசினை நம்புகிறேன், கணக்குப் பார்ப்பதில்லை.

அந்த மெசின் இவர்களுடைய கண்டுபிடிப்பு. 1972இல் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் அஸ்கர் என்ற இடத்தில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய கம்பனி, தொம்ரா. இன்றைக்கு அது உலகமெல்லாம் விற்பனையாகிறது.

16 ஜனவரி 2024

கரண்ட் கார் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

1989இல் ஆ-ஹா பாட்டுக் கோஷ்டிக்காரரும் பெல்லோனா என்ற சுற்றாடல் அமைப்பின் பிரெடெரிக் ஹவுகேயும் பற்றரியில் ஓடுகிற ஒரு சின்னப் பியற் பாண்டாவை வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்தார்கள். சுங்கச் சாவடியில் காசு கட்டாமல் ஓடினார்கள். தண்டம் எழுதப்பட்டது. கட்டவில்லை. காரைப் பறித்து ஏலத்தில் விட்டார்கள். ஏலத்தில் இவர்களே போய் வாங்கிக்கொண்டு திரும்பவும் காசு கட்டாமல் ஓடினார்கள். ஒரு தடவையில்லை, கனக்கத் தடவை. கடைசியில் அரசாங்கத்துக்கு அலுத்துவிட்டது. 1997இல் கரண்ட் காருக்குச் சாவடிக் காசு இல்லை என்றார்கள். 2001இல் பெறுமதி சேர் வரியும் போனது. பிறகு பஸ் பாதையிலும் ஓடலாம் என்றார்கள். கொஞ்சக் காலத்தில் ஒஸ்லோவுக்குள் வருகிற பெருந்தெருவில் பஸ் பாதை முழுக்கக் கரண்ட் கார், பஸ் பின்னுக்கு நின்று ஹோன் அடிக்கிற நிலை. பேந்து அதற்கொரு கட்டுப்பாடு.

போன வருஷம் விற்ற புதுக் கார்களில் 82 சதவீதம் கரண்டில் ஓடுவது. பெற்றோல் காரின் தலையில் வரியைக் கட்டி, இதை வரி இல்லாமல் விட்டால் எந்த ஊர்ச் சனமும் இதைத்தான் வாங்கும். நானும் வாங்கினேன். வாங்கின அன்று சுற்றாடல் ஞாபகத்துக்கு வரவேயில்லை, சுங்கச் சாவடிதான் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே கரண்டில் பத்தில் ஒன்பது பங்கு நீர்மின். எங்கள் லக்சபானா மாதிரி நாடு முழுக்க இருக்கிறது என்று வைத்துக்கொள். அதனால் கார் ஓடுகிற கரண்ட் உண்மையாகவே சுத்தம். அந்த அணைகள் யாருடைய நிலத்தில் நிற்கின்றன என்பது வேறு கதை. வருவேன்.

20 ஜனவரி 2024

சனிக்கிழமை, வெளியே சறுக்கல், மனிசி கடைக்குப் போக விடுகிறாளில்லை. ஆகவே நீட்டி எழுதுகிறேன்.

நான் முதலில் வந்து சேர்ந்தது ஒஸ்லோவுக்கு அல்ல, வடக்கே ஃபின்மார்க். ரஷ்ய எல்லைப் பக்கம். ஒரு மரமில்லாத மீன்பிடிக் கிராமம், ஒரு வீட்டில் ஒன்பது தமிழ்ப் பொடியள். அந்தக் காலத்தில் ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் எங்களவர் கனபேர் வேலை செய்தார்கள். உள்ளூர் இளசுகள் தெற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் தெற்கே இருந்து வந்துகொண்டிருந்தோம்.

என் வேலை வெளிச்ச மேசையில். மேசையின் நடுவில் பால் நிறக் கண்ணாடி, அதற்குக் கீழே குழல் விளக்கு. தோலுரித்த கொட் மீன் துண்டைக் கண்ணாடியில் வைத்தால் சதைக்குள் இருக்கிற புழு கறுத்தச் சுருள் மாதிரித் தெரியும். கத்தி நுனியால் கிண்டி எடுக்க வேண்டும். சதை கிழியக் கூடாது. எட்டு மணித்தியாலம். இரவில் கண்ணை மூடினாலும் சுருள்தான். தலையும் குடலும் வேறு வாய்க்காலால் போகும். நாங்கள் தலையைக் கேட்டபோது மேற்பார்வையாளர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார். தூள், புளி எல்லாம் ஒஸ்லோவில் இருந்து தபாலில் வரும். ஒன்பது பேருக்கு வாளி நிறையத் தலை. சில வாரத்தில் உள்ளூர்க்காரர் இரண்டு பேர் மணம் பிடித்து வந்து நின்றார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் போன நேரம் அந்தக் கடல் செத்துக்கொண்டிருந்தது. லொத்தே என்று நெத்தலி மாதிரி ஒரு மீன் இருக்கிறது, கொட் அதைத் தின்றுதான் கொழுக்கும். 80களின் நடுவில் அது அப்படியே இல்லாமல் போய்விட்டது. மிஞ்சின கொட் பட்டினியில் மெலிந்து, பெரிசு சின்னதைத் தின்றது. வட துருவப் பக்கத்துக் கடல்நாய்கள் பசியில் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வந்தன. கிழவர்கள் வலையை இழுத்தால் மீனுக்குப் பதில் மூச்சடங்கின கடல்நாய். 1989 ஏப்ரல் 18, கரையோரப் படகுகளின் கொட் பிடிப்பை நிறுத்தினார்கள். நல்ல சீசன் நடுவில். அடுத்த மாரியில் எங்கள் தொழிற்சாலையின் ஒரு பகுதியை மூடி, எங்களை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் அந்த வருஷமே ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் மூட்டை கட்டினோம்.

அந்தக் கிராமத்தில் சனம் அரசாங்கத்தைத் திட்டின திட்டை நான் மறக்கவில்லை. நோர்வேஜிய மொழியில் நான் முதலில் படித்த கெட்ட வார்த்தை எல்லாம் அந்த ஏப்ரலில் படித்தவை. ஆனால் நிறுத்தினார்கள். பிடித்த மீனைத் திரும்பக் கடலில் வீசக்கூடாது என்ற சட்டத்தை 1987இலேயே கொண்டுவந்திருந்தார்கள். ரஷ்யாவோடு 1976இல் இருந்து ஒவ்வொரு வருஷமும் இருந்து பேசி எத்தனை தொன் என்று பங்கு பிரிக்கிறார்கள். பனிப்போரிலும் பேசினார்கள், உக்ரைனில் சண்டை நடக்கிற இப்போதும் பேசுகிறார்கள். 2013இல் கொட் அளவு பத்து லட்சம் தொன்னுக்கு ஏறியது. செத்த கடல் எழும்பிவிட்டது.

தம்பி, நோர்வேயின் நிலைபேறு என்று யாராவது உன்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். காரை விடு. ஒருக்கால் வடிவாகப் பயந்தார்கள். பிறகு எண்ணத் தொடங்கினார்கள். பாசம் என்று நான் ஒன்றையும் காணவில்லை, தொன் கணக்குத்தான் கண்டேன்.

21 ஜனவரி 2024

"அண்ணை மீன் கதை சொல்லி எண்ணெயை நழுவ விடுகிறார்" என்று ஒருவர். பொறுங்கோ.

இன்னொருவர் கேட்டது: ஆம், கொட் தலையை இப்போது எறிவதில்லை, காயவைத்து நைஜீரியாவுக்கு ஏற்றுகிறார்கள். அங்கே சூப்புக்குப் போகுதாம். அறிந்தவர்கள்.

3 பெப்ரவரி 2024

எண்ணெய்.

இந்த நாட்டில் சுற்றாடலுக்கு என்று தனி அமைச்சு 1972இலேயே வந்துவிட்டது, உலகத்தில் முதல் சிலவற்றில் ஒன்று. 1977இல் வடகடலில் பிராவோ மேடையில் எண்ணெய் வெடித்துப் பீறியபோது சுற்றாடல் அமைச்சராக இருந்தவர் குரோ ஹார்லெம் புருந்த்லான்ட். அதே அம்மாவின் தலைமையில் ஐ.நா. ஆணைக்குழு 1987இல் கொடுத்த அறிக்கைதான் "நிலைபேறான அபிவிருத்தி" என்ற சொல்லை உலகத்தின் வாயில் போட்டது. அப்போது அவர் நோர்வேயின் பிரதமர். பிரதமர் மேசையில் ஒரு பக்கம் அந்த அறிக்கை, மறுபக்கம் எண்ணெய் வயல் அனுமதி. இதை வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு இரண்டும் ஒரே மேசைதான்.

எண்ணெய்க் காசைப் போட்டு வைக்கிற நிதியில் போன வருஷ முடிவில் 15 லட்சம் கோடி குறோனருக்கு மேல். 55 லட்சம் சனம். தலைக்கு 28 லட்சம் என்று போட்டுப் பார்த்தேன். என் பேரனும் அதில் ஒரு தலை.

இனி இந்தக் கூத்தைக் கேள். கடலில் இருக்கிற எண்ணெய் மேடைகளுக்கு எரிவாயுவை எரித்துத்தான் கரண்ட் எடுத்தார்கள். அந்தப் புகை நோர்வேயின் கணக்கில் விழும். ஆகவே கரையில் இருந்து கடலுக்கடியால் வயர் இழுத்து, நீர்மின்னைக் கொடுத்து எண்ணெய் எடுக்கிறார்கள். "சுத்தமாக எடுத்த எண்ணெய்." எரிப்பது ஜெர்மன்காரனோ போலந்துக்காரனோ, அந்தப் புகை அவனுடைய கணக்கு. ஹம்மர்பெஸ்ட் பக்கத்து மெல்க்கெயா எரிவாயு ஆலைக்கும் போன ஓகஸ்டில் இப்படியொரு தீர்மானம் எடுத்தார்கள். ஃபின்மார்க்கில் நான் இருந்த கிராமத்துச் சனத்தோடு இன்றும் தொடர்பு இருக்கிறது. "எங்கட கரண்டைக் குடுத்துக் காஸ் எடுக்கினம்" என்று அங்கே கொதிக்கிறார்கள்.

மீனில் செய்ததை எண்ணெயில் ஏன் செய்யவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மீன் குறைந்தபோது அடி விழுந்தது அவர்களுடைய கிராமத்தில். எண்ணெய்க்கு அடி விழுவது வேறெங்கோ. அந்த அடி இங்கே எந்த மேசையிலும் எண்ணப்படுவதில்லை.

போன மாதம் 18ஆம் திகதி ஒஸ்லோ நீதிமன்றம் மூன்று வயல்களுக்குக் கொடுத்த அனுமதி செல்லாது என்றது. எரிக்கும்போது வருகிற புகையையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் காரணம். எண்ணச் சொல்கிறார்கள். பார்ப்போம்.

நான் நல்ல பிள்ளை மாதிரிக் கதைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அடுத்த வருஷம் பென்ஷன். அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

7 மார்ச் 2024

அணைகள் யார் நிலத்தில் என்று சொல்லிவிட்டு விட்டுவிட்டேன். நேற்று ஃபூசென் செய்தியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

சாமி மக்கள் (கோயில் சாமி இல்லை, மான் மேய்க்கிற வடக்குச் சனம்). ஃபூசென் குடாநாட்டில் அவர்களுடைய மாரி மேய்ச்சல் நிலத்தில் 151 காற்றாலை நட்டார்கள். 2021 ஒக்டோபர் 11, உச்ச நீதிமன்றத்தில் வழக்கை விசாரித்த 11 நீதிபதிகளும் ஒரே வாயாக இது அவர்களுடைய பண்பாட்டு உரிமையை மீறியது, அனுமதி செல்லாது என்றார்கள். காற்றாலையோ சுற்றிக்கொண்டே இருந்தது. 500 நாள் ஆனபோது சாமி இளைஞர்கள் எண்ணெய், எரிசக்தி அமைச்சின் வாசல் மண்டபத்தில் போய் நிலத்தில் இருந்தார்கள், கிரேத்தா துன்பர்க்கும் வந்து இருந்தாள். பொலிஸ் தூக்கிக்கொண்டு போனது. டிசம்பரில் ஒரு பகுதியோடு, நேற்று மற்றப் பகுதியோடு உடன்படிக்கை. காற்றாலை நிற்கும், நட்டஈடும் வேறு மேய்ச்சல் நிலமும் கொடுப்பார்கள்.

வெளிச்ச மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் ஒரு சாமிப் பெண், என்னைவிடப் பத்து வயது மூப்பு. அல்தா ஆற்று அணைப் போராட்டத்துக்குப் போனவள். 1979இல் சாமிகள் ஒஸ்லோவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடாரம் அடித்து உண்ணாவிரதம் இருந்தார்கள். 1981 ஜனவரியில், உறைகிற குளிரில், தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு கிடந்த சனத்தை வெட்டி எடுக்க 600 பொலிஸ் போனது. அணை 1987இல் வேலை செய்யத் தொடங்கியது. தோற்றுவிட்டீர்களா என்று நான் கேட்டதற்கு அவள் கையுறையைக் கழற்றாமலே சொன்னது: "ஆறு போயிட்டுது. ஆனா இப்ப எங்களை ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும்." 1989இல் சாமிப் பாராளுமன்றம் திறந்தார்கள்.

அவளுக்கு நான் எங்கள் ஊர்க் கதை சொல்ல, எனக்கு அவள் தன் கதை சொல்ல, புழு எடுக்கிற வேகம் குறைந்து இரண்டு பேரும் பேச்சு வாங்கினோம்.

28 ஏப்ரல் 2024

நேற்று எங்கள் தொடர்மாடியில் டுக்நாட். எல்லா வீட்டுக்காரரும் ஒரு நாள் சேர்ந்து முற்றம் கூட்டுவது. எங்கள் ஊர்க் கோயில் சிரமதானம் என்று நினை, கோயில் இல்லாமல். மாரி முழுக்கச் சறுக்காமல் இருக்கக் கொட்டின சரளைக் கல்லைக் கூட்டி அள்ள வேண்டும். பிறகு வாட்டின சொசேஜும் வாஃபிளும். வராதவர்களின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

டுக்நாட்டுக்கு என்று ஒரு பெரிய இரும்புப் பெட்டி கொண்டுவந்து வைப்பார்கள், பெரிய சாமான் எறிய. தம்பி, குப்பை இல்லாத நாடு என்று வாசித்தாயே, நீ வந்து அந்தப் பெட்டிக்குள் பார்க்க வேண்டும். ஒரு கீறல் இல்லாத சாப்பாட்டு மேசை. நான்கு கதிரை. வேலை செய்கிற வக்யூம் கிளீனர். சாப்பாட்டுக் கழிவை மட்டும் பச்சைப் பையில் முடிச்சுப் போட்டு வடிவாகப் பிரித்து வைக்கிற அதே மனிசர்தான். சில வருஷத்துக்கு ஒருக்கால் குசினியை உடைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள், பழையது எங்கே போகுது என்று கேட்டால் "பிரித்துத்தான் போட்டோம்" என்கிறார்கள்.

கதிரை நான்கையும் நான் எடுத்துவிட்டேன். மனிசி இன்னும் கதைக்கவில்லை.

29 ஏப்ரல் 2024

நேற்று எழுதினதில் அநியாயம் இருக்கிறது. பள்ளிக்கூட வாத்தியக் கோஷ்டிகள் வருஷத்தில் இரண்டு தரம் லொப்பெமார்கெட் என்று பழைய சாமான் சந்தை போடுகின்றன, பெற்றோர்தான் சுமந்து அடுக்கி விற்பார்கள். சனம் வாசலில் வரிசையில் நின்று ஓடும். என் மகள் ஊதின ட்ரம்பெட்டும் அவளுடைய பனிச்சறுக்குப் பலகையும் அங்கே வாங்கினவை. பழசை வாங்குவதில் இங்கே ஒருவருக்கும் வெட்கம் இல்லை. வெட்கம் எங்களுக்குத்தான். கதிரைகளை நான் இரவு பத்து மணிக்கு ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் ஏற்றினேன்.

11 ஓகஸ்ட் 2024

பழைய கிராமத்துக்குப் போய் வந்தேன், பதினொரு வருஷத்துக்குப் பிறகு. முல்தே பழக் காலம்.

அல்லெமான்ஸ்ரெத்தென், எல்லாருக்கும் உள்ள உரிமை, என்று ஒன்று இருக்கிறது. 1957இல் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். யாருடைய காடு, மலை என்றாலும் நடக்கலாம், கடற்கரையில் குளிக்கலாம், வீட்டில் இருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரம் அடித்து இரண்டு இரவு படுக்கலாம், பழமும் காளானும் பறிக்கலாம். முள்வேலிக்கும் கதியால் எல்லைக்கும் மூன்று தலைமுறை கோர்ட்டுக்குப் போகிற ஊரில் பிறந்த எனக்கு இது வந்த புதிதில் விளங்கவேயில்லை. காணிக்காரன் கை காட்டிவிட்டுப் போவான். நான் ஓடி ஒளிவேன்.

முல்தே சதுப்பு நிலத்தில் வளர்கிற பழம். ஒரு செடிக்கு ஒரே பழம். மற்றப் பழத்துக்குத் தலைகீழ்: சிவப்பாக இருந்தால் காய், மஞ்சள் செம்மையாகி இளகினால்தான் பழம். முதல் வருஷம் நான் ஒரு வாளி சிவப்புக் காய் பறித்து வந்து ஊரே சிரித்தது. எந்த இடத்தில் பறிக்கிறார்கள் என்று பெற்ற பிள்ளைக்கும் சொல்ல மாட்டார்கள். இந்த முறை நுளம்புக்குள் இரண்டு மணித்தியாலம் குனிந்து நிற்க ஒரு கிழவர் வந்து மரியாதையாகச் சொன்னார், இது என் நிலம், முல்தே மட்டும் விட்டுவிடு என்று. வடக்கு மூன்று மாகாணத்திலும் நிலக்காரர் முல்தேயை மறிக்கலாம். ஆனால் நின்ற இடத்தில் தின்கிறதை மறிக்க ஏலாது. வாளிக்குள் போடக்கூடாது, வாய்க்குள் போடலாம். வாளியில் இருந்ததை அவருக்கே கொடுத்துவிட்டு, அவருக்கு முன்னாலேயே நின்று தின்றேன். அவரும் என்னோடு நின்று தின்றார்.

முதல் குறிப்புகளில் "பாசம் இல்லை, கணக்குத்தான்" என்று அடித்து எழுதியிருந்தேன். அதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். இந்தக் கிழவருக்கு அந்தச் சதுப்பு நிலம் மேல் இருந்தது கணக்கு இல்லை. 80 வயதில் ரப்பர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஒரு பழத்துக்காக ஒரு கிலோமீற்றர் நடக்கிற மனிசர்.

18 ஓகஸ்ட் 2024

அந்தப் பாசத்திலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது, ஒரு கிழமையாக மண்டைக்குள் ஓடுகிறது.

ஆர்னே நேஸ் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். தத்துவப் பேராசிரியர், காந்தியை ஆழமாகப் படித்தவர், ஆழ்சூழலியல் என்ற கருத்தை 1973இல் எழுதினவர். 1970இல் மார்தெலா நீர்வீழ்ச்சியைக் காக்கப் போய், பொலிஸ் அவரைத் தூக்கிக்கொண்டு போனது. ஹல்லிங்ஸ்கார்வெட் மலையில் 1500 மீற்றர் உயரத்தில் ஒரு மரக் குடில் கட்டி வருஷக்கணக்காக அங்கே இருந்தார். விறகைக் கூட எண்ணித்தான் எரிப்பார்.

மலையில் குடில், அவர்கள் சொல்வது ஹித்தே. ஒவ்வொரு நோர்வேக்காரரின் கனவும் அதுதான், நாட்டில் 4 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பழைய ஹித்தே என்றால் வெளியே கக்கூஸ், ஓடையில் தண்ணீர், இரவில் மெழுகுதிரி. என் பழைய முதலாளி இரண்டு வருஷத்துக்கு முன் ஒருக்கால் கூப்பிட்டார் என்று போனேன். கார் வாசல் வரை போகுது. சுடுதண்ணித் தொட்டி. காருக்குச் சார்ஜர். முற்றத்துக் கல்லுக்குக் கீழே சூடேற்றுகிற வயர், பனி தானாக உருகுதாம். யன்னலால் பார்த்தால் எதிர் மலையில் இதே மாதிரி இருநூறு வீடு. அவர் கையை விரித்து "இயற்கை!" என்றார். நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

இந்த ஜனவரியில் நோர்வே வானொலி-தொலைக்காட்சி, என்ஆர்கே, செய்மதிப் படங்களை வைத்து ஐந்து வருஷத்தில் எவ்வளவு இயற்கை நிலம் தெருவாகவும் ஹித்தேயாகவும் மாறியது என்று எண்ணிக் காட்டியது. நிமிடத்துக்கு 79 சதுர மீற்றர். எங்கள் வீட்டு விறாந்தையும் அறையும் குசினியும் சேர்ந்த அளவு. அதற்கு முன் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஊராட்சியும் தன் மலையில் கொஞ்சம், தன் சதுப்பில் கொஞ்சம் என்று அனுமதித்தது, கூட்டிப் பார்க்கத் தொலைக்காட்சிக்காரன் வர வேண்டியிருந்தது. கிழவரின் முல்தே நிலத்துக்கு ஒரு கிலோமீற்றர் தள்ளியும் புதுத் தெரு ஒன்று வெட்டியிருந்தார்கள்.

இயற்கை என்றால் இவர்களுக்குப் போய் இருக்கிற இடம். போகாமல் விடுகிற இடம் இல்லை. இது சரியான வசனமா தெரியவில்லை, நாளைக்கு மாற்றுவேன்.

19 ஓகஸ்ட் 2024

மாற்றவில்லை.

2 டிசம்பர் 2024

ஆழ்கடலில் கனிமம் தோண்ட வழிவிட்டு இந்த ஜனவரியில் பாராளுமன்றம் வாக்களித்தது. நேற்று அதை நிறுத்தி வைத்துவிட்டார்கள். வரவுசெலவுக்கு ஒரு சின்னக் கட்சியின் ஆதரவு வேண்டியிருந்ததால், அவர்கள் கேட்டதைக் கொடுத்தார்கள். மட்டுநகரான், உன் கட்டுரைக்கு இதையும் போடலாம் என்று எழுதுகிறேன், நீ எப்போதோ கொடுத்து முடித்திருப்பாய்.

மட்டுநகரான், 4 டிசம்பர் 2024

அண்ணா, மார்ச்சிலேயே கொடுத்துவிட்டேன். "தகவல் நன்று, முடிவுரை இல்லை" என்று பத்து மார்க்ஸ் குறைத்துவிட்டார்கள்.

குளிர்காய்பவன், 9 பெப்ரவரி 2025

உன் மார்க்ஸுக்கு நான் பொறுப்பு இல்லை தம்பி.

ஆனால் ஒரு பெரிய திருத்தம் நான் போட வேண்டும். போன ஜனவரியில் "செத்த கடல் எழும்பிவிட்டது" என்று மார்தட்டி எழுதினேன். ஃபின்மார்க்குக்கு வடக்கே உள்ள பாரெண்ட்ஸ் கடல் கொட்டுக்கு இந்த வருஷ அளவு 3 லட்சத்து 40 ஆயிரம் தொன். 1991க்குப் பிறகு இவ்வளவு குறைவாக வைத்ததில்லை. நான் வெளிச்ச மேசையை விட்டு மூட்டை கட்டின காலத்துக்குத் திரும்பப் போய் நிற்கிறது. எண்ணுவதை ஒருவரும் நிறுத்தவில்லை, ஒவ்வொரு வருஷமும் எண்ணினார்கள், 2021க்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் இறங்கியது.

நேற்றுக் கிராமத்துக்கு ரெலிபோன் எடுத்தேன். மீன் விலை ஏறியதால் படகுக்காரர் இப்போதைக்குத் தாக்குப்பிடிக்கிறார்களாம், தொழிற்சாலையில்தான் வேலை நாள் குறைகிறது. வெளிச்ச மேசையில் இப்போது நிற்பது லித்துவேனியாப் பெட்டைகள். அவர்களையும் வீட்டில் இருக்கச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

15 பெப்ரவரி 2025

கொட் தலை ஒஸ்லோவில் எங்கே வாங்கலாம் என்று கேட்ட தங்கச்சிக்கு: குரென்லான்ட் பக்கத்து மீன் கடைகளில் காலமை ஒன்பது மணிக்குள் போக வேண்டும். இப்போது சும்மா தருவதில்லை. நான் நேற்று இரண்டு தலைக்கு 118 குறோனர் கொடுத்தேன். பெரிய தலையாகப் பார்த்து எடுங்கோ, செவுளை முழுக்க வெட்டி எறிந்துவிட்டு உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவுங்கோ. கன்னச் சதை கெதியாக வெந்துவிடும், புளி கொதித்த பிறகுதான் போட வேண்டும். கண்ணை எறிய வேண்டாம்.